முப்பது போய் முப்பத்துமூன்று வந்த ஆண்டு

அபெலினோ ரிஃபோ லேத் ஓட்டுகிறவர். தல்காவானோ துறைமுகத்துக்குப் பின்னால், மீன்பிடிப் படகுகளுக்கும் சிறு கப்பல்களுக்கும் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்துவந்தார். படகின் சுழல்தண்டில் ஒரு முடியளவு பிசகு இருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனாலும் பட்டறையில் அவருக்கென்று ஒரு மரியாதையைத் தேடித் தந்தது அந்த விரல் அல்ல, செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கம்தான். காலைத் தேநீர் நேரத்தில் ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவிக்கொண்டே அந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் குவளைகளோடு சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பேர் 'மந்திரி'.

அந்தப் பக்கத்தில் அவர்கள் தேடியது ஒரே ஒரு கட்டத்தைத்தான். எல்லாருடைய சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு மாதாமாதம் பென்ஷன் கம்பெனிக்குப் போய்விடும். அங்கே ஏ-யிலிருந்து இ வரை ஐந்து நிதிகள். ஏ-யும் பி-யும் பங்குச்சந்தையோடு ஏறி இறங்கும். இ அதிகம் அசையாமல் கிடக்கும். எதில் போடுவது என்பது தொழிலாளியின் விருப்பம் என்று சட்டம் சொன்னது. எப்படி விரும்புவது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பட்டறைக்காரர்கள் மந்திரியைக் கேட்டார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டவர் குஸ்தோதியோ நெய்ரா. அபெலினோவைவிட ஐந்து வயது மூத்தவர், வெல்டர், பெரிய உடம்பு, மனைவியை இழந்தவர். புகையை விழுங்கி விழுங்கிக் குரல் கரகரத்துப் போயிருந்தது. அவருடைய ஒரே மகள் யஸ்னாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் அபெலினோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். கம்பெனியிலிருந்து குஸ்தோதியோவுக்கு வரும் உறைகள் பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறைக்குள் போகும்.

"எனக்கு அதப் படிச்சா தலை வலிக்குது, கும்பாதிரி. நீ படிச்சு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு. இரும்ப ஒட்டச் சொன்னா ஒட்டுறேன், இது எனக்கு ஆகாது."

நல்ல வருஷங்கள் சில தொடர்ந்து வந்தன. பி நிதி ஏறிக்கொண்டே போனது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஏ கிடையாது என்பதால் குஸ்தோதியோ பி-யில் இருந்தார். அபெலினோவும் அவரோடு பி-யிலேயே இருந்துகொண்டார். ஒவ்வொரு டிசம்பரிலும் மந்திரி ஒரு எண்ணை வாசிப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஏறுகிற எண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அக்டோபரில் எண் கீழே இறங்கத் தொடங்கியது. காலைத் தேநீர் நேரம் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

"மந்திரி, நேத்து எவ்ளோ போச்சு?" என்று கேட்டார் வண்ணம் அடிக்கிற செகுந்தோ பிஞ்செய்ரா. வாய் ஓயாத ஆள்.

"கேக்காத."

"கேக்காம இருந்தா போனது திரும்பி வந்துருமா? சும்மா சொல்லுய்யா. எம்பொண்டாட்டி கேட்டா நான் எதையாவது சொல்லணும்ல."

குஸ்தோதியோ குவளையைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு, கும்பாதிரி. அறுபத்தஞ்சு ஆனா வெளிய வந்துருவேன். நான் என்ன பண்ணட்டும்?"

வருஷம் பிறந்ததிலிருந்து முப்பது சதவீதம்வரை போயிருந்தது. அபெலினோ செய்தித்தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இ-க்குத் தாவிருவோம். இருக்கிறதையாவது காப்பாத்துவோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி ஆபீசுக்கு எல்லாரும் ஒண்ணாப் போவோம். ஃபோர்மேன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் மனைவி எர்மிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பித்தப்பையில் கல். அன்று முழுவதும் அபெலினோ ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றார். பட்டறையிலிருந்து பத்துப் பதினோரு பேர் கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் செகுந்தோ கேட்டார்: "எல்லாரையும் தாவச் சொல்லிட்டு உன்னையக் காணோமே?"

"நான் முந்தின நாளே போயிட்டு வந்துட்டேன்," என்றார் அபெலினோ.

அது ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தாவு என்று சொன்னவனே தாவாமல் நின்றால் நன்றாகவா இருக்கும் என்று தோன்றியிருக்கலாம். அடுத்த வாரம் போய்விட்டால் பொய்யும் மெய்யாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் எர்மிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது. அப்புறம், சந்தை மெல்லத் தலைதூக்கத் தொடங்கியது. அவருடைய பணம் பி-யிலேயே கிடந்தது.

அடுத்த வருஷம் முழுக்க பி ஏறியது. அபெலினோ உள்ளுக்குள் எர்மிந்தாவின் பித்தப்பைக்கு நன்றி சொன்னார். வெளியே மூச்சு விடவில்லை. செப்டம்பரில் வரும் சுதந்திர தின விடுமுறைக்கு முன்னால், "பயம் தெளிஞ்சாச்சு, பி-க்குத் திரும்புங்கப்பா," என்று சொன்னார். எல்லாரும் திரும்பினார்கள்.

டிசம்பர் கடைசியில் அந்த எண் அச்சில் வந்தது. பி நிதி, முப்பத்துமூன்று சதவீதம். அபெலினோ பெஞ்சு மேல் ஏறி நின்றார்.

"போன வருஷம் முப்பது போச்சு. இந்த வருஷம் முப்பத்துமூணு வந்துருச்சு. போனது வந்து, அதுக்கு மேல மூணு லாபம்டா, முட்டாப் பயலுகளா!"

கொண்டாட்டம் கூரையைப் பிய்த்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் உறையைப் பிரித்துப் பார்த்திருந்தார். தொகை கிட்டத்தட்டப் பழைய உயரத்தைத் தொட்டிருந்தது. இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில்தான் கலந்திருந்தது என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தன் பணத்துக்கு நடந்ததே எல்லார் பணத்துக்கும் நடந்திருக்கும் என்றுதான் நினைத்தார். அவர்களும்தான் பி-க்குத் திரும்பிவிட்டார்களே: ஒரே நிதி, ஒரே வருஷம், ஒரே எண்.

அந்த வாரமே ஃபோர்மேன் லௌத்தாரோ, எல்லாரும் மரியாதைக்குத் 'தோன்' சேர்த்தே அழைக்கிறவர், குஸ்தோதியோவைக் கூப்பிட்டார். மார்ச்சில் ஓய்வு பெற வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் இரு, பற்றவைக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் பற்றவைத்ததைச் சரிபார்த்தால் போதும், புகையில் நிற்க வேண்டாம் என்றார். குஸ்தோதியோ நேராக லேத்துக்கு வந்தார்.

"என்ன சொல்ற, கும்பாதிரி?"

"உன் நெஞ்சு கெடக்குற கெடப்புக்கு இன்னும் ரெண்டு வருஷமா? போனதுதான் வந்துருச்சே. உன் பென்ஷன் நாம முன்னாடி கணக்குப் போட்ட மாதிரியே வரும். போய் உன் பேத்தியோட உக்காரு."

"அப்ப வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு."

சொல்லிவிட்டார். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. புதுவருஷத்துக்குக் குஸ்தோதியோ வீட்டில் ஆட்டுக்கறி சுட்டார்கள். அபெலினோவுக்கு முதல் துண்டு. "என் மந்திரிக்கு!" என்று திராட்சை மது நிறைந்த கோப்பையை உயர்த்தினார் குஸ்தோதியோ. யஸ்னா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் பூமி ஆடியது. பின்னாலேயே கடல் வந்தது. விடிந்தபோது படகுகள் தெருவில் கிடந்தன. பட்டறை இருந்த இடத்தில் சேறும், கவிழ்ந்த கொள்கலன்களும், அழுகும் மீனும்தான். குன்றின் மேல் இருந்ததால் இவர்கள் வீடுகள் தப்பின. வேலை தப்பவில்லை. சரிபார்க்கும் வேலை, பற்றவைக்கும் வேலை எல்லாம் ஒரே இரவில் இல்லாமல் போயின. ஆகவே மார்ச்சில் குஸ்தோதியோ வேறு வழியின்றிக் கம்பெனிக்குப் போய்ப் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஒரு மழைநாள் மாலை. குஸ்தோதியோ யஸ்னாவோடு அபெலினோ வீட்டுக்கு வந்தார். யஸ்னா ஒரு பேக்கரியில் கணக்கு எழுதுகிறவள். எர்மிந்தா மேசையில் உட்கார்ந்து சூப்புக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எங்கயோ தப்பு இருக்கு, கும்பாதிரி," என்று ஒரு தாளை நீட்டினார் குஸ்தோதியோ. "மாசம் ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் பேசோ வரும்னு நாம பேசினோம். இவங்க ஒரு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம்னு போட்டிருக்காங்க. ஆபீஸ்ல இருந்த பொண்ணுகிட்ட சண்டை போட்டேன். தப்பே இல்லேங்குறா."

அபெலினோ கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "கண்டிப்பா தப்புதான். எனக்கு எல்லாம் திரும்ப வந்துருக்கு. நாளைக்கு நானே வரேன்."

"தப்பு இல்ல, ஞானப்பா," என்றாள் யஸ்னா. இரண்டு நாளாகத் தூங்காதவள் மாதிரி இருந்தாள். மேசை மேலிருந்த உருளைக்கிழங்குகளைத் தன் பக்கம் இழுத்தாள். "இதுல பத்து இருக்கு. முப்பது பர்சென்ட் போச்சுன்னா எத்தன போச்சு?"

"மூணு."

மூன்றை எடுத்துத் தள்ளி வைத்தாள். "மிச்சம் ஏழு. இப்ப முப்பத்துமூணு பர்சென்ட் வருது. எதுல வருது? பத்துலயா, ஏழுலயா?"

அபெலினோ ஏழையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"ஏழுலதான வரும்? ரெண்டும் கொஞ்சமும் வரும். ஏழும் ரெண்டும் ஒம்பது. பத்தே வரல. அப்புறம் எங்கேர்ந்து மூணு லாபம்?" அவள் குரல் உயரவில்லை. "இதுகூட, பி-யிலயே அசையாம இருந்த ஆளுக்கு. அந்த முப்பத்துமூணு அவனுக்கு மட்டும்தான். அப்பா தாவினப்ப ஏழு இருந்துச்சு. ஏறுற காலம் பூரா இ-ல கெடந்தாரு. அங்க கெடச்சது அரைக் கிழங்கு. திரும்பி பி-க்கு வர்றதுக்குள்ள அது ஏறி முடிச்சிருச்சு. பேப்பர்ல போட்டது நிதியோட கணக்கு, ஞானப்பா. அப்பாவோட கணக்கு இல்ல."

"ஆனா எனக்கு..." என்று தொடங்கினார் அபெலினோ.

"அதான் எனக்கும் புரியல. நீங்களும்தான தாவினீங்க? உங்களுக்கு மட்டும் எப்படித் திரும்பி வந்துச்சு?"

எர்மிந்தா தலை நிமிராமல், இரக்கத்தோடு சொன்னாள்: "இவரு எங்கம்மா தாவினாரு? அன்னைக்குத்தான என் வயித்தைக் கிழிச்சாங்க. நாள் பூரா ஆஸ்பத்திரியில என்கூட நின்னாரு. அதுக்கப்புறமும் போகவே இல்ல. அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எர்மிந்தா கத்தியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். தான் எதையோ உடைத்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

குஸ்தோதியோ தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து நின்றபோது அந்தப் பெரிய உடம்பு கதவை மறைத்தது.

"நாங்க கெளம்புறோம், தோன் அபெலினோ. உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம்."

"கும்பாதிரி, உக்காரு. நான் சொல்றதக் கேளு..."

"நீங்க எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. அது எனக்குத் தெரியும். மழை பெருசாகுறதுக்குள்ள போயிடணும்."

முப்பது வருஷமாக 'நீ' என்று பேசிய வாய். அவர் ஒரு வசவு வைதிருந்தால் அபெலினோ அன்றிரவு தூங்கியிருப்பார். அந்த 'நீங்க' அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே அபெலினோ கம்பெனி ஆபீசுக்குப் போனார். தன் பணம், அதாவது தான் போட்டது, போட்ட நாளிலிருந்து இன்றுவரை எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் நிதியின் வளர்ச்சி அச்சிட்ட ஒரு வண்ணத் தாளைக் கொடுத்தாள். இது நிதியோடது, என்னோடது எங்கே என்று மறுபடி கேட்டார். அவள் அதே தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

எட்டு மாதம் கழித்துப் பட்டறை வேறு இடத்தில் பாதி ஆட்களோடு திறந்தது. லேத் ஓட்டுகிறவர் வேண்டும் என்று அபெலினோவைக் கூப்பிட்டார்கள். அறுபத்தைந்து தாண்டிய வெல்டரை யார் கூப்பிடுவார்கள்? ஒன்றே முக்கால் லட்சம் பேசோவில் அவரும், புருஷன் விட்டுப்போன மகளும், பேத்தியும் வாழ முடியாது. பேக்கரிச் சம்பளம் பாதி மாதத்தோடு தீர்ந்துவிடும். குஸ்தோதியோ ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கினார். கையில் துணி. வருகிற கார்களுக்குக் கையாட்டி இடம் காட்டுவார். போகிறவர்கள் சில்லறை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சம்பளம் கிடையாது.

அபெலினோ சனிக்கிழமைகளில் அங்கே போனார். முதலில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிறகு ஒருநாள் பிளாஸ்க்கில் தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். குஸ்தோதியோ விரட்டவில்லை. தேநீரைக் குடித்தார். தூறலில் இருவரும் கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கணும், தோன் அபெலினோ."

"கேளு."

"எப்பவாவது சொல்லியிருக்கலாமே, நான் போகலேன்னு. ஜனவரியில சொல்லியிருக்கலாம். சந்தை ஏறுறப்ப சொல்லியிருக்கலாம். நீங்க தாவாம நிக்குறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் திரும்பி வந்து உங்க பக்கத்துலயே நின்னிருப்பேன். எனக்கு சந்தையா தெரியும்? உங்களைத்தான தெரியும்."

ஒரு கார் பின்வாங்கியது. குஸ்தோதியோ துணியை வீசிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

புதுப் பட்டறைக்கு ஒருநாள் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். சட்டைக் கழுத்து கசங்காத இளைஞர். சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். கோடு இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ஏணி மாதிரி ஏறியது. மூன்று வருஷத்தில் இவ்வளவு, என்றார். அபெலினோ எழுந்தார்.

"அந்தக் கோடு ஏன் ரெண்டாயிரத்து ஒம்பது மார்ச்சுலேர்ந்து ஆரம்பிக்குது, தம்பி?"

"எங்கயாவது ஆரம்பிக்கணும்ல, ஐயா."

"எல்லாம் விழுந்து கெடந்த மாசம் அது. அதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து போடு. நடுவுல வந்தவன், பயந்து ஓடினவன், அவனுக்கெல்லாம் என்ன கெடச்சதுன்னும் போடு."

"நல்ல கேள்வி," என்று சிரித்தார் அந்த இளைஞர். பிறகு எல்லாருக்கும் பேனா கொடுத்தார். அந்தப் பேனாவாலேயே நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, அவர் சொன்ன நிதிக்கு மாறினார்கள். வெளியே வந்ததும் ஒரு புது வெல்டர், "பெருசு, நீங்க மட்டும் சம்பாதிச்சாப் போதுமா? நாங்களும் பொழைக்கணும்ல," என்றான். பழைய கதை அவன் காதுக்கும் வந்திருந்தது. அது ஊரில் வேறு வடிவத்தில் உலவியது: எல்லாரையும் தாவவிட்டுத் தான் மட்டும் நின்று ஆதாயம் பார்த்தவர். இல்லை என்று சொல்ல அபெலினோவிடம் எர்மிந்தாவின் வயிற்றுத் தழும்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதை யாரிடம் காட்டுவது?

மூன்றாவது குளிர்காலத்தில் குஸ்தோதியோவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. புகையால் ஏற்கெனவே துளைபட்ட நுரையீரல். மழையில் நிற்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். வெயில் அடிக்கும்வரை காத்திருக்க அந்த வீட்டில் வசதி இல்லை. ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அபெலினோ போனபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கண் திறந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. ஏதோ சொல்ல உதடு அசைந்தது. கரகரப்பு மட்டும் வந்தது. அது எந்தச் சொல்லாக இருந்திருக்கும் என்று அபெலினோ பிற்பாடு பல தடவை யோசித்தார். தனக்கு வேண்டிய சொல்லை அதில் வைத்துப் பார்க்க மனம் துணியவில்லை.

துக்க வீட்டில் பழைய பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காப்பிக் குவளையோடு செகுந்தோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இறந்தவரைப் பற்றி நல்லதாகப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. இப்ப எதுல போட்டா நல்லது?"

"எனக்குத் தெரியாது, செகுந்தோ."

"சும்மா சொல்லு."

"நிசமாவே தெரியாது. அப்பவும் தெரியாது."

செகுந்தோ அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார். "தெரிஞ்சாலும் நீ உனக்குள்ளயே வச்சுக்குவ. அந்த ஆளுதான் பாவம், கடைசிவரைக்கும் உன்னைய நம்புனான்."

சவப்பெட்டியைத் தூக்க அபெலினோவையும் யஸ்னாதான் கூப்பிட்டாள். ஞானத்தகப்பன் தூக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதற்காகத்தான் கூப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியும். குன்றின் ஏற்றத்தில், வழுக்கும் சேற்றில், இடது தோளில் சுமந்து ஏறினார்.

இரண்டு வருஷம் கழித்து அவரும் ஓய்வு பெற்றார். அவருக்கு வந்த பென்ஷன் எவ்வளவு என்று எர்மிந்தாவைத் தவிர யாருக்கும் தெரியாது. முதல் மாதப் பணத்தில் பாதியை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு யஸ்னா வீட்டுக்குப் போனார். பேத்தியின் படிப்புக்கு என்று சொல்லி நீட்டினார்.

யஸ்னா உறையைப் பார்த்தாள். "இது என்ன, ஞானப்பா? அப்பாவுக்கு வட்டியா?"

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

அந்த வாரம் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் அவர் போனார். அவள் கதவைப் பாதி திறந்து, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.